எத்தனை பேர் வந்தார்கள்?

இங்கிலாந்தின் பங்கு ஆலயங்களில் ஆராதனைப் பதிவேடு என்று ஒரு புத்தகம் உண்டு. வழிபாடு முடிந்தபின் அதில் தேதி, வழிபாட்டின் பெயர், நடத்தியவரின் கையொப்பம், காணிக்கைத் தொகை, வந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைப்பார்கள். மற்றக் கட்டங்களை நிரப்பும்போது ஆயரின் மனம் சலனப்படுவதில்லை. வந்தோர் எண்ணிக்கைக்கு உரிய கட்டத்தில்தான் பேனா சற்றுத் தயங்குகிறது. சென்ற வாரத்தைவிட ஏழு பேர் கூடியிருந்தால் அன்றைய மதிய உணவு சுவைக்கிறது. ஏழு பேர் குறைந்திருந்தால், தாம் ஆற்றிய அருளுரையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் மனத்துக்குள் திருத்தி எழுதத் தொடங்கிவிடுகிறார்.

இந்தச் சலனம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. பிறர் உள்ளத்தைப் பண்படுத்துவதைத் தம் பணியாக ஏற்ற ஆசிரியர், சொற்பொழிவாளர், தொண்டர் என அனைவரையும் அது என்றாவது ஒருநாள் பற்றிக்கொள்கிறது. எனினும், கிறிஸ்தவத் திருச்சபை தன் வழிபாட்டுக்கு வருவோரை நெடுங்காலமாக எண்ணி எழுதி வந்திருக்கிறது. அந்த எண்களால் அது மகிழ்ந்ததுண்டு, ஏமாந்ததுண்டு, தன்னைத் திருத்திக்கொண்டதும் உண்டு. ஆன்மிகப் பணியின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்பவருக்கு அந்த அனுபவம் பெரிதும் உதவும்.

எண்ணுவது குற்றமா?

எண்ணிக்கையைப் பற்றி விவிலியத்தில் இருவேறு குரல்கள் கேட்கின்றன. தாவீது மன்னர் தம் குடிகளில் போருக்குத் தக்கவர்களை எண்ணுமாறு ஆணையிடுகிறார். படைத்தலைவன் யோவாபே அது வேண்டாமென்று தடுக்கிறான், மன்னர் கேட்கவில்லை. எண்ணி முடித்தபின் அவருடைய உள்ளமே அவரை வாட்டுகிறது; நாட்டைக் கொள்ளைநோய் தாக்குகிறது. கிதியோனின் வரலாற்றில் 32,000 பேர் போருக்குத் திரள்கிறார்கள். அத்தனை பேரோடு வென்றால், வெற்றி தங்கள் கைவலிமையால் வந்தது என்று அவர்கள் செருக்குறுவார்கள் என்று இறைவன் கருதுகிறார். 32,000 பேர் 10,000 ஆகக் குறைந்து, முடிவில் 300 பேரே எஞ்சுகிறார்கள்.

மறுபுறம், மோசேயின் காலத்தில் இறைவனின் கட்டளைப்படியே மக்கள் எண்ணப்படுகிறார்கள். அந்தப் பகுதிக்கே எண்ணாகமம் என்று பெயர். பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. இயேசு கூறிய காணாமற்போன ஆட்டின் உவமையோ எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 100 ஆடுகளை உடைய மேய்ப்பன், 99 ஆடுகளை விட்டுவிட்டு, தவறிப்போன ஒன்றைத் தேடிச் செல்கிறான். இந்த உவமையைக் கேட்போர் மேய்ப்பனின் அன்பை வியக்கிறார்கள். அவன் ஆடுகளை எண்ணியதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எண்ணாத மேய்ப்பனுக்கு ஓர் ஆடு குறைந்தது எப்படித் தெரிந்திருக்கும்?

ஆக, எண்ணுவது தன்னளவில் குற்றமன்று. தாவீதும் எண்ணினார், மேய்ப்பனும் எண்ணினான். தாவீது தமக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அறிய எண்ணினார். மேய்ப்பன் தன்னிடம் யார் இல்லை என்று அறிய எண்ணினான். முதல் கணக்கு எண்ணுபவரின் பெருமையில் போய் முடிகிறது. இரண்டாவது கணக்கு முடிந்த கையோடு எண்ணுபவனின் கால்கள் நடக்கத் தொடங்குகின்றன. ஆன்மிகப் பணியில் எண்ணிக்கைக்கு உள்ள இடம் எது என்பதை இந்த வேறுபாடே தெளிவாக்குகிறது.

யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியும் இங்கே நினைக்கத் தக்கது. இயேசு 5,000 பேருக்கு உணவளிக்கிறார். வயிறு நிறைந்த கூட்டம் அவரை அரசராக்கவே முனைகிறது. அவர் தனியே மலைக்குச் சென்றுவிடுகிறார். மறுநாள் அவர் கூறிய உபதேசம் அவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. சீடர்களில் பலர் விலகிப் போகிறார்கள். போகிறவர்களைத் தடுப்பதற்காக அவர் தம் உபதேசத்தை இனிப்பாக்கவில்லை. எஞ்சி நின்ற பன்னிருவரையும் பார்த்து, அவர்களும் போக விரும்புகிறார்களா என்று கேட்கிறார். வருகைப் பதிவேட்டின்படி பார்த்தால், அந்த வாரம் அவருடைய பணிக்குப் பெருந்தோல்வி என்றே எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கணக்கு

ஒரு நாடு முழுவதும் வழிபாட்டுக்கு வந்தவர்களை எண்ணிய முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள எல்லா வழிபாட்டிடங்களிலும் காலை, பிற்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் வந்தவர்கள் எண்ணப்பட்டார்கள். ஹொரேஸ் மன் என்ற வழக்கறிஞர் இக்கணக்கைத் தொகுத்து அறிக்கை எழுதினார்.

அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம். மூன்று வேளைகளிலும் பதிவான வருகை ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம். கேட்பதற்கு மகிழ்ச்சியான எண்தான். ஆனால் காலையில் வந்தவரே மாலையிலும் வந்திருக்கலாம் அல்லவா? எண்ணப்பட்டவை வருகைகள், மனிதர்கள் அல்லர். ஆகவே மன், காலையில் வந்தோர் அனைவரையும், பிற்பகலில் வந்தோரில் பாதியையும், மாலையில் வந்தோரில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து, ஏறத்தாழ 72 லட்சத்து 60 ஆயிரம் பேர் வழிபட்டதாக மதிப்பிட்டார். அந்த விகிதங்கள் வெறும் ஊகமே. ஒரே நாள், ஒரே நாடு, அரசாங்கத்தின் கணக்கு என்று எல்லா வசதிகளும் இருந்தும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எளிய கேள்விக்கே உறுதியான விடை கிடைக்கவில்லை. வந்தவர்கள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்ற கேள்வியை அந்தப் படிவங்கள் தொடவே இல்லை, தொடவும் இயலாது.

எனினும் அந்த முயற்சி வீண்போகவில்லை. நோயாளிகள், குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்வோர், வேலையை விட்டு வர இயலாதோர் ஆகியோரைக் கழித்தபின், வர முடிந்தும் வராதவர்கள் 52 லட்சத்துக்கும் மேல் என்று மன் கணக்கிட்டார். அவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் வாழ்ந்த உழைக்கும் ஏழைகள். அவர்கள் ஏன் வரவில்லை என்ற காரணங்களையும் அவர் ஆராய்ந்தார். ஆலயத்துக்குள்ளேயே பணம் கொடுத்தவர்களுக்குத் தனி இருக்கைகள், இல்லாதவர்களுக்கு ஒதுக்குப்புறமான இருக்கைகள் என்ற பிரிவினை. ஏழைகளின் அன்றாடத் துன்பத்தில் சபைகள் காட்டிய அக்கறையின்மை. குருமார்களின் நோக்கத்தைப் பற்றி எழுந்த ஐயம். அமைதியாக அமர்ந்து சிந்திக்க இடமே இல்லாத நெருக்கடியான வீடுகள். வந்தவர்களின் எண்ணிக்கை, எந்தப் பிரிவினர் பெரியவர் என்ற வாதத்துக்கே பெரிதும் பயன்பட்டது. வராதவர்களைப் பற்றிய பகுதி திருச்சபையின் மனச்சாட்சியைத் தொட்டது.

ஒரு பென்னி செய்த வேலை

வராதவர் யார், ஏன் வரவில்லை என்ற கேள்வியை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு கேட்டவர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த அவர், திறந்தவெளியில் பேசினால் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். கூட்டத்தைக் கண்டு நிறைவடைந்துவிட எல்லா வாய்ப்பும் அவருக்கு இருந்தது.

1742-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில், தங்கள் கூடத்தைக் கட்டியதால் ஏற்பட்ட கடனை எப்படி அடைப்பது என்று உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார். பலர் ஏழைகள், அவர்களால் அதுவும் இயலாது என்று ஒருவர் கூறியபோது, மிகவும் வறியவர்கள் பதினொரு பேரைத் தம்மிடம் விட்டுவிடுமாறும், அவர்களை வாரந்தோறும் சென்று பார்த்து, அவர்களால் தர இயலாததைத் தாமே தருவதாகவும் ஃபாய் கூறினார். மற்றவர்களும் அவ்வாறே ஏற்றார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வகுப்புகள் அமைந்தன.

பென்னியை வாங்கச் சென்றவர்கள் வீட்டுக்குள் நடப்பதையும் கண்டார்கள். ஒரு வீட்டில் கணவன் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு வீட்டில் ஒருவன் குடித்திருந்தான். கூட்டத்தில் முன்வரிசையில் நின்று கண்ணீர் மல்கக் கேட்டவர்களின் உண்மை வாழ்க்கை இதுதான் என்று தலைவர்கள் வெஸ்லியிடம் வந்து கூறினார்கள். தாம் நெடுநாள் தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்துவிட்டதை அவர் உணர்ந்தார். கடன் தீர்க்க வந்த ஏற்பாடு உயிர்களைப் பேணும் ஏற்பாடாக மாறியது. வீடுதோறும் செல்வதில் சிரமங்கள் இருந்ததால், பின்னர் அந்தப் பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடி, ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் நிலையைத் தலைவரோடு மனம்விட்டுப் பேசினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆயிரம் பேர் கேட்கும் சொற்பொழிவில், பேசுபவரைக் கேட்பவர் அறிகிறார். கேட்பவரைப் பேசுபவர் அறிவதில்லை. கூட்டம் பெருகப் பெருக இந்த அறியாமையும் பெருகுகிறது. பன்னிரண்டு பேரில் ஒருவர் வராவிட்டால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும்.

நியூகாசிலில் ஒரு பட்டியல்

1743 மார்ச் மாதம் வெஸ்லி நியூகாசில் நகரில் உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து முடித்தார். தம்மைவிட்டு விலகிப் போனவர்கள் 76 பேர் என்றும், விலக்கப்பட்டவர்கள் 64 பேர் என்றும் அவர் தம் நாட்குறிப்பில் எழுதினார். அத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொருவரும் ஏன் போனார் என்ற காரணத்தையும் எழுதினார்.

தாமாக விலகியவர்களில் 14 பேருக்கு, அவர்கள் இந்த இயக்கத்தில் இருந்தால் திருவிருந்து தர மாட்டோம் என்று அவர்களுடைய போதகர்கள் மறுத்திருந்தார்கள். கணவனோ மனைவியோ தடுத்ததால் போனவர்கள் உண்டு. பெற்றோர் தடுத்ததால் போனவர்கள் உண்டு. பிறர் தம்மைப் பார்த்துச் சிரிப்பதைப் பொறுக்காமல் 9 பேர் போனார்கள். ஏழைகளுக்கான உதவித்தொகை நின்றுவிடும் என்று அஞ்சி 3 பேர் போனார்கள். இருவருக்கு வழி வெகுதூரம். விலக்கப்பட்டவர்களில் குடிப்பழக்கத்தால் விலக்கப்பட்டவர்கள் 17 பேர். சண்டை சச்சரவுக்காக 3 பேர். மனைவியை அடித்ததற்காக ஒருவர். ஆன்மிக வாழ்வில் விளையாட்டுத்தனமாகவும் அசட்டையாகவும் இருந்ததற்காக 29 பேர்.

வளர்ந்துவரும் ஓர் இயக்கத்தின் தலைவர் தமது இழப்பை இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்தது அரிய செயல். அந்தப் பட்டியலில் இருக்கும் எண்கள் மிகச் சிறியவை: 14, 9, 3, 1. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு முகம் தெரிகிறது. கேலிக்கு அஞ்சியவரிடம் பேச வேண்டியது வேறு. உதவித்தொகைக்காகக் கவலைப்படும் ஏழையிடம் பேச வேண்டியது வேறு. 140 பேர் குறைந்தார்கள் என்ற மொத்தக் கணக்கு இந்த வேறுபாடுகளையெல்லாம் மறைத்துவிடும்.

விலக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு நியாயமான ஐயம் எழுகிறது. குடிகாரனுக்கும் அசட்டையாக இருப்பவனுக்கும்தானே மேய்ப்பனின் துணை மிகவும் தேவை? தவறிய ஆட்டைத் தேடிச் செல்வதை விட்டு, அதை வெளியே தள்ளிக் கதவை அடைப்பது எப்படி அறமாகும்? இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. 29 பேரின் அசட்டைத்தனத்தை யார், எந்தத் தராசில் நிறுத்தார் என்பதும் கேட்கத் தக்கதே. ஆனால் வேறொரு பக்கமும் உண்டு. மனைவியை அடிக்கும் ஒருவரை ஒன்றும் சொல்லாமல் எண்ணிக்கைக்காக வைத்துக்கொள்ளும் சபை, அந்த மனைவியைக் கைவிட்டுவிடுகிறது. அவரையும் ஏமாற்றுகிறது, அவர் நலமாக இருப்பதாக அவரே நம்பும்படி செய்கிறது. தலைகளின் எண்ணிக்கை குறையக்கூடாது என்ற ஆசையால் உண்மையைச் சொல்லாமல் விடுவது இரக்கமாகாது.

அதே 1743-ஆம் ஆண்டில் வெஸ்லி சகோதரர்கள் தங்கள் சங்கங்களுக்குப் பொது விதிகளை வெளியிட்டார்கள். சேர்வதற்கு வேண்டிய ஒரே தகுதி, பாவத்திலிருந்து விடுபட வேண்டும் என்ற விருப்பம். அந்த விருப்பம் உண்மையானதுதான் என்று காட்டும் அடையாளங்கள் மூன்று: எவருக்கும் தீங்கு செய்யாதிருத்தல், இயன்ற நன்மையை எல்லோருக்கும் செய்தல், வழிபாடு, மறைநூல் வாசிப்பு, பிரார்த்தனை முதலியவற்றில் தவறாமல் ஈடுபடுதல். வழிபாட்டுக்கு வருவது இந்த வரிசையில் மூன்றாவதாகவே இடம் பெறுகிறது. முதல் இரண்டையும் ஆலயத்துக்கு வெளியே, அண்டை வீட்டாரின் பார்வையில்தான் சோதித்தறிய முடியும்.

கூட்டம் நிறைந்த ஆலயத்தின் கேள்வி

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வியைத் துணிவோடு எழுப்பியது கூட்டம் இல்லாத சபையன்று. கூட்டத்துக்கே பெயர் பெற்ற சபை. அமெரிக்காவில் சிகாகோ நகரின் புறநகர்ப் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு திரையரங்கில் 1975-இல் வில்லோ க்ரீக் சபை தொடங்கியது. ஆலயத்துக்குப் போகாதவர்கள் ஏன் போவதில்லை என்று வீடு வீடாகச் சென்று கேட்டு, அவர்களுக்கு ஏற்றவாறு வழிபாட்டை அமைத்தார்கள். வாராந்தர வருகை 20,000-ஐத் தாண்டியது. உலகெங்கும் உள்ள போதகர்கள் அங்கே சென்று அந்த முறையைக் கற்றுவந்தார்கள்.

2004-இல் அச்சபை தன் மக்களிடமே ஓர் ஆய்வை நடத்தியது. சபை நடத்தும் நிகழ்ச்சிகளில் ஒருவர் அதிகமாகப் பங்கேற்கப் பங்கேற்க, கடவுளிடத்தும் மனிதரிடத்தும் அவருடைய அன்பு வளரும் என்பது அதன் தலைவர்களின் நம்பிக்கை. ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. நிகழ்ச்சிகளில் பங்கேற்பு கூடியதால் மட்டும் அன்பு வளர்ந்துவிடவில்லை. நால்வரில் ஒருவர் போல, தம் ஆன்மிக வாழ்வு தேங்கிவிட்டதாகவோ, சபையின் வழிகாட்டுதலில் தமக்கு நிறைவில்லை என்றோ கூறினார்கள். நிறைவில்லை என்றவர்களில் பலர் மிகுந்த ஈடுபாடு உடையவர்கள். 2007-இல் அச்சபை இதை நூலாகவே வெளியிட்டு, தன் அணுகுமுறையில் தவறு இருந்ததைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. தனியே பிரார்த்திக்கவும், மறைநூலைத் தாமே வாசித்துச் சிந்திக்கவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்று தலைவர்கள் கூறினார்கள். அந்த ஆய்வு ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன்று என்று குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் அரங்கம் நிரம்பி வழியும்போது, உள்ளே என்ன நிகழ்கிறது என்று கேட்கும் நேர்மை போற்றத் தக்கது.

அச்சபைக்கு மேலும் ஒரு சோதனை காத்திருந்தது. 2018-இல், பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளை அடுத்து, அதை நிறுவிய போதகர் பதவி விலகினார். அவர் அவற்றை மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், முறையிட்ட பெண்களின் சொல்லுக்குத் தாங்கள் உரிய மதிப்பளிக்கவில்லை என்று வருந்தி, மூப்பர் குழு முழுவதும் விலகியது. குற்றச்சாட்டுகள் நம்பத் தக்கவை என்று 2019-இல் ஒரு தனிக்குழு அறிவித்தது. இதைக் கூறுவது எவரையும் தூற்றுவதற்காக அன்று. ஆயிரக்கணக்கானோர் வாரந்தோறும் வந்தார்கள் என்ற எண், உதவி தேடி வந்த ஒரு பெண்ணின் குரலுக்கு அங்கே செவி கிடைத்ததா என்பதைச் சொல்லவில்லை. பெரும் எண்ணிக்கை சில வேளைகளில் அத்தகைய குரலை அமிழ்த்தியும் விடும். வெற்றி பெற்ற பணியைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லையே!

அளவுகோலே இலக்கானால்

1975-இல் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கையைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு புள்ளிவிவரத்தை ஆட்சி செய்யும் கருவியாக்கிவிட்டால், அதுவரை அது காட்டிவந்த உண்மையைக் காட்டுவதை நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். ஆன்மிகப் பணிக்கும் இது பொருந்தும். மக்களின் பக்தி பெருகும்போது வருகையும் பெருகுவது இயல்பு. ஆகவே வருகை பக்திக்கு ஓர் அடையாளம். ஆனால் வருகையைப் பெருக்குவதே குறிக்கோள் என்றானவுடன், பக்தி இல்லாமலே அதைப் பெருக்கும் வழிகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. இசை கூடுகிறது, கடினமான போதனை குறைகிறது, அடுத்த சபையின் மக்கள் இங்கே இடம் மாறுகிறார்கள். ஊரில் ஒரு மனிதர்கூடப் புதிதாக நல்லவராகாமல், ஒரு சபையின் எண்ணிக்கை இரட்டிப்பாவது சாத்தியமே.

இதற்கு எதிரான தவறும் ஒன்று உண்டு. எண்ணிக்கை முக்கியமன்று, தரமே முக்கியம் என்ற சொல் சோம்பலுக்கு நல்ல போர்வை. வீடுகளுக்குச் செல்லாத போதகர், ஆயத்தம் செய்யாமல் பேசும் போதகர், புதிதாக வருபவரை முகம் பார்க்காத சபை ஆகியோரும் இதே சொல்லைக் கூறிக்கொள்ளலாம். ஆலயம் காலியாவதற்குக் காரணம் உபதேசத்தின் தூய்மை என்று நம்புவது இனிமையானது. சில நேரங்களில் காரணம் அன்பின் வறட்சியாக இருக்கும். கூட்டத்தால் வரும் செருக்கைப் போலவே, சிறுமையால் வரும் செருக்கும் உண்டு. ஆகவே குறைந்த எண் ஒரு நற்சான்றாகாது. அது ஒரு கேள்வி மட்டுமே.

எங்கே பார்ப்பது?

உள்ளத்தின் வளர்ச்சியை நேரே அளக்கும் கருவி எதுவும் இல்லை. வினாப்பட்டியல் தந்து, உன் பக்தி எவ்வளவு என்று கேட்டால், அகங்காரம் உள்ளவர் அதிக மதிப்பெண் இட்டுக்கொள்வார். பணிவு உள்ளவர் குறைத்துக்கொள்வார். ஆனால் அளக்க இயலாதவற்றைக் காண இயலும். மரத்தை அதன் கனியால் அறியலாம் என்பது இயேசுவின் போதனை. கனியைக் காண, மரம் நிற்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில் பணியாற்றிய ரிச்சர்ட் பாக்ஸ்டர் இதைச் செய்து காட்டினார். அவருடைய அருளுரையைக் கேட்க வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல் ஆலயத்தில் மாடங்கள் கட்ட வேண்டியிருந்தது. எனினும் அவரும் அவருடைய துணைவரும் ஒவ்வொரு திங்களும் செவ்வாயும் காலை முதல் ஏறக்குறைய இரவுவரை, வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் வீதம், சுமார் 800 குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்து உரையாடினார்கள். பல ஆண்டுகள் பிரசங்கத்தைக் கேட்டும் பயன் அடையாத சிலர், அரைமணி நேரத் தனி உரையாடலில் அதிகம் அறிந்துகொண்டார்கள் என்று அவர் 1656-இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்டார். நிறைந்த ஆலயத்தைத் தம் பணியின் முடிவாகக் கருதாமல் தொடக்கமாகக் கருதினார்.

அப்படிச் சென்று பார்க்கும் போதகருக்கு வேறு கேள்விகள் பிறக்கின்றன. சென்ற ஆண்டு ஒருவரோடொருவர் பேசாதிருந்த சகோதரர்கள் இன்று பேசுகிறார்களா? கடன் கொடுத்தவர், திருப்பித் தர இயலாத ஏழையிடம் எப்படி நடந்துகொள்கிறார்? துக்கம் நிகழ்ந்த வீட்டுக்கு, போதகர் சொல்லாமலே யாராவது உணவு கொண்டுசென்றார்களா? படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்க்க எத்தனை நாட்களுக்கு ஒருமுறை ஆள் வருகிறது? சபையிலுள்ள வலிமையற்றவர் ஒருவர் வலியவர்மீது முறையிட்டால், அவருடைய சொல் கேட்கப்படுகிறதா? போதகர் ஊரில் இல்லாதபோது மக்கள் பிரார்த்திக்கிறார்களா? இவற்றில் சிலவற்றுக்கு எண்களும் உண்டு. ஆனால் அவற்றைக் கூட்டி ஒரு மொத்தம் காண இயலாது. பிற சபைகளோடு ஒப்பிட்டுப் பெருமைப்படவும் இயலாது. அதுவே அவற்றின் சிறப்பு.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது உலகின் பல நாடுகளில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. வருகைப் பதிவேட்டில் பூஜ்யம் விழுந்தது. பல சபைகள் வழிபாட்டை இணையத்தில் ஒளிபரப்பின. உடனே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு புதிய எண்ணும் முளைத்தது. அது பழைய எண்ணைவிடவும் மெலிந்தது. மூன்று நிமிடம் பார்த்து நகர்ந்தவரும் அதில் ஒருவரே. அந்த மாதங்களில் சில சபைகள் உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தனித்து வாழும் முதியோரைத் தொலைபேசியில் அழைத்தன. வாசலில் மளிகைப் பொருட்களை வைத்துவிட்டு வந்தன. பட்டியல் முன்பும் இருந்தது. இப்போதுதான் அது மேய்ப்பனின் கணக்காயிற்று.

இவ்வளவுக்குப் பின்னும் ஒன்று எஞ்சுகிறது. விதைத்தவர் விளைச்சலைக் காணாமலே போகலாம். ஒருவர் ஏதோ ஒரு ஞாயிறன்று கேட்ட சொல், இருபது ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், ஒரு கோபத்தை அடக்கவோ ஒரு மன்னிப்பைக் கேட்கவோ அவருக்கு உதவலாம். அந்தப் பயன் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. தம் பணியின் முழு மதிப்பையும் தாமே அறிந்துவிட வேண்டும் என்ற ஆசையை விடுவதும் ஆன்மிகப் பணியாளரின் சாதனையில் ஒரு பகுதி. அதை விட முடிந்தவரே, பத்துப் பேர் மட்டுமே வந்த மழைநாளிலும் அந்தப் பத்துப் பேருக்காக முழு மனத்துடன் பேசுகிறார்.

வழிபாடு முடிந்து ஆலயம் காலியாகிறது. ஆயர் பதிவேட்டைத் திறந்து, வந்தோர் எண்ணிக்கையை உள்ளபடி எழுதுகிறார். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. பிறகு ஒரு சிறு தாளை எடுத்து, அன்று காலியாக இருந்த இருக்கைகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, வராத நான்கு பேரின் பெயர்களைக் குறித்துக்கொள்கிறார். பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடக்கிறார்.